எண்பதாவது பிள்ளை

"மூத்தவனுக்கு நான் கேக்காமலே டிசியக் கையில தந்து விட்டிய. இப்ப இளையவளுக்கு நான் வாய் விட்டுக் கேக்கேன், தரமாட்டேங்கிய. இது எந்த ஊரு நியாயம் டீச்சர்?"

செசிலியின் குரல் தலைமையாசிரியர் அறையைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போய்விட்டது. அவர்கள் உரிப்பதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"மெல்லப் பேசுங்க செசிலி. கிளாஸ் நடக்குது" என்றாள் தலைமையாசிரியை பெமிலா.

"மெல்லத்தான் பேசுதேன். கடக்கரையில நிண்ணு பேசிப் பழகின தொண்டை. இதுக்குக் கீழ இறங்காது."

"சர்வர் வேலை செய்யல்லன்னு சொன்னேனா இல்லியா? டிசி இப்ப கையால எழுதித் தர்ற பேப்பர் இல்ல. கம்ப்யூட்டர்ல போடணும்."

"திங்களாச்ச சர்வர். செவ்வாச்ச கிளார்க்குக்கு லீவு. இன்னைக்குப் புதன், பின்னயும் சர்வர். அந்த சர்வரு யாருன்னு சொல்லுங்க, அவருக்க வீட்ல போயி நானே கேட்டுக்கிடுதேன்."

சர்வர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பெமிலாவின் முதுகுக்குப் பின்னால் திரையில் பச்சை விளக்கெல்லாம் எரிந்தது. செசிலிக்கு அது தெரியாது என்பதும், தெரிந்தால் மேசை தாங்காது என்பதும் பெமிலாவுக்குத் தெரியும்.

கீழப்புன்னவிளை அரசு உயர்நிலைப்பள்ளிக்கு அப்போது பிராணன் ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பிள்ளைகளின் எண்ணிக்கை எண்பதுக்குக் குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி, கடைசியாகச் சேர்ந்தவர் வேறு பள்ளிக்குப் போகவேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கடைசியாகச் சேர்ந்தவன் கணக்கு வாத்தியார் அபிலாஷ். அவன் வருவதற்கு முன் இரண்டு வருஷம் இந்தப் பள்ளியில் கணக்கு எடுத்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த இரண்டு வருஷமும் பிள்ளைகள் நன்றாகக் கபடி ஆடினார்கள்.

அன்றைய எண்ணிக்கை சரியாக எண்பது, செசிலியின் இளைய மகள், எட்டாம் வகுப்பு ஷிஜியையும் சேர்த்து.

அந்த எண்பதைத் திரட்டப் பெமிலா பட்ட பாடு ஊருக்கே தெரியும். மே மாதம் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, இராஜாக்கமங்கலம் பக்கமிருந்து கடற்கரை வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "இங்கிலீஷ் மீடியம் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றாள். "டை உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். டை கட்டாத இங்கிலீஷ் என்ன இங்கிலீஷ் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். வளைகுடாப் பணம் வருகிற வீட்டில் எல்லாம் வாசலுக்கே மஞ்சள் வேன் வருகிறது. அது வராத வீட்டில், எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சம் கிடைத்ததுதான் இந்த எண்பது. கடற்கரைப் பிள்ளைகள் நாற்பத்தொன்று, பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் பதினாலு, அங்கும் இங்குமாகப் பதினாறு, ஹாலோபிளாக் கம்பெனியில் வேலை செய்ய வந்த வடக்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது. ஏழாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் எடுப்பது அந்த ஒன்பதில் ஒருத்தி, ஒடிசாக்காரப் பிள்ளை மமதா. அதைப் பெமிலா பெருமையாக வீடு வீடாகச் சொன்னாள். கேட்டவர்கள் "ஓ, அங்க இப்ப இந்திக்காரப் பிள்ளையளா படிக்கு" என்று சொல்லிவிட்டு வேன்காரனுக்குப் போன் போட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டவள் ஏப்ரலில் செய்த காரியம் ஒன்று உண்டு. போன வருஷம் பத்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர் எழுதிப் பத்தொன்பதும் பாஸ். வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டி, அதில் அவள் படத்தையும் போட்டிருந்தார்கள். ஒரு தடவை நூறு சதவீதம் வாங்கினவர்களுக்கு மறு வருஷம் தொண்ணூற்றொன்பதைப் பார்த்தால் காய்ச்சல் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் பலவீனமாக இருந்த மூன்று பையன்களின் தாய்மாரைக் கூப்பிட்டு, நயமாகப் பேசி, பாஸ் போட்டு டிசியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த மூன்றில் ஒருவன் செசிலியின் மூத்த மகன் ஜெனோ.

"ஜெனோ காரியம் வேற" என்றாள் பெமிலா இப்போது.

"என்ன வேற? கையில திறமை இருக்கு, ஐடிஐயில வெல்டருக்குச் சேருங்க, அவனுக்க நன்மைக்குத்தான் சொல்லுதேன்னு சொன்னிய. ஐடிஐக்காரன் சீட்டு முடிஞ்சுன்னுட்டான். அவன் இப்ப தங்கச்சிமடம் மாமனுக்க கூட ஹார்பர்ல ஐஸ் பெட்டி தூக்குதான். அவனுக்க அப்பன் கொச்சியில போட்டுல கெடக்கான். வந்தா என்னையில்லா கேப்பான். இவளையாவது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல விடுதேன்னா விடமாட்டேங்கிய."

"ஏட்டி செசிலி, பைய" என்றாள் மெஹ்ருன்னிசா. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவள். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வந்தவள், போட்டு அரைமணி நேரமாகியும் நாற்காலியை விட்டு எழவில்லை. போய்விட்டால் மீதியை யாரிடம் கேட்பது?

"நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் மெஹ்ருக்கா. டீச்சரே, வீட்டுக்கு வந்து, அரசுப் பள்ளிக்கூடத்துல சேருங்க, நல்ல வாத்தியார்மாரு உண்டுன்னு சொன்னியளே. உங்களுக்க மக எங்க படிக்கா?"

சத்துணவுக் கூடத்தில் இருந்தவர்கள் வராந்தாவுக்கே வந்துவிட்டார்கள்.

பெமிலாவின் மகள் அபிஷா நாகர்கோவிலில் ஒரு பெரிய பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தாள். டை உண்டு.

"டீச்சருக்க வீட்டுக் காரியம் நமக்கு எதுக்குட்டி" என்று சொல்லிக்கொண்டே மெஹ்ருன்னிசா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"வெள்ளியாச்ச ஒண்ணாந் தேதி" என்றாள் செசிலி. தேதி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஊரில் எல்லோருக்கும் தெரியும். "அதுக்குள்ள உங்க மக இங்கத்த யூனிபார்ம் போட்டு இந்த வாசல்ல வந்து நிக்கட்டும். டிசின்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேண்ணா அண்ணைக்குக் காலையில டிசி எனக்க கையில இருக்கணும். சர்வரு கிர்வருன்னா நான் கலெக்டர் ஆபீசுக்குப் போவேன், பாத்துக்கிடுங்க."

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு அவள் போனாள். பின்னால் மீன் பெட்டி குலுங்கிற்று. நாலு தெருவில் மீன் கொடுக்கப் போகிறவள், அந்த நாலு தெருவுக்கும் மீனோடு இந்தப் பந்தயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். விட்டுப்போன வீடுகளை மெஹ்ருன்னிசா பார்த்துக்கொண்டாள்.

அபிலாஷ் மதியம் வந்து எதிரே உட்கார்ந்தான். தன்னைப் பற்றித்தான் இவ்வளவும் நடக்கிறது என்ற கவலை அவன் முகத்தில் இல்லை. காலை எட்டு மணிக்கே வந்து தனி வகுப்பு எடுத்து, கணக்கென்றால் வயிற்றுவலி வந்துகொண்டிருந்த பிள்ளைகளை ஐம்பதுக்கு மேல் வாங்க வைத்தவன் அவன். ஆனால் வாயில் கணக்கைத் தவிர வேறு வராது.

"அந்த மூணு பேரையும் ஏப்ரல்ல அனுப்பாம இருந்திருந்தா இப்ப எண்பத்து மூணு டீச்சர்."

"எனக்குக் கூட்டத் தெரியும்."

"இல்ல, சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாண்டாம் சார். உபரின்னா முதல்ல போறது நீங்க."

நாலேகால் மணிக்குப் பெமிலாவின் போன் அடித்தது. நாகர்கோவில் பள்ளியிலிருந்து. அபிஷா விஷயமாக நாளைக் காலையில் பிரின்சிபலைப் பார்க்கவேண்டும். டெர்ம் டெஸ்ட் மார்க் பற்றி, வேறொன்றுமில்லை என்றாள் போனில் பேசிய பெண், வேறொன்று இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிற குரலில்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். குளிரூட்டிய அறை. மூன்று விடைத்தாள்கள் மேசையில் விசிறியாக விரித்து வைக்கப்பட்டிருந்தன. கணக்கில் பதினொன்று, பதினாலு, ஒன்பது.

"நீங்களும் இந்த ஃபீல்டுல இருக்கீங்க. உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்ல" என்று தொடங்கினார் பிரின்சிபல். "குழந்தையோட நன்மைக்குத்தான் சொல்றோம். இங்க பிரஷர் அதிகம்."

அடுத்த வரி என்ன என்று பெமிலாவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் அழுத்தம் குறைவான இடத்தில் குழந்தை மலரும் என்று வரும். வந்தது. அதற்கடுத்து, இப்போதே முடிவெடுத்தால் ஒரு வருஷம் மிச்சம் என்று வரும். அதுவும் வந்தது. ஏப்ரலில் செசிலியிடம் அவள் பேசின பேச்சு, ஒரு சொல் கூடக் குறையாமல். கையில் திறமை இருக்கிறது என்ற வரி மட்டும் இங்கே இல்லை. அது அரசுப் பள்ளிக்கு உரியது போல.

"ஜூலை மாசம் பத்தாம் கிளாஸ் பிள்ளைய எங்க கொண்டு சேக்கது மேடம்? டியூஷன் வைக்கேன். ஆறு மாசம் தாங்க."

"உங்க கையிலேயே ஒரு ஸ்கூல் இருக்கே" என்று பிரின்சிபல் சிரித்தார்.

டிசி தயாராக இருந்தது. அச்சடித்து, முத்திரை வைத்து, உறைக்குள் போட்டு, பெற்றோர் கையெழுத்து இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார்கள். இங்கே கிளார்க் லீவெல்லாம் கிடையாது.

ஸ்கூட்டரில் வரும்போது அபிஷா இரணியல் விலக்குவரை அழுதாள். அதாவது, அம்மா வழியைக் கூடக் கவனிக்காமல் எதிர்த்திசையில் அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டாள் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. வண்டியைத் திருப்பின பிறகு அழுகை நின்று கேள்வி வந்தது.

"அம்மா, உங்க ஸ்கூல் டாய்லெட்டுக்குக் கதவு உண்டா?"

"ரெண்டில ஒரு அறைக்கு உண்டு."

"கொண்டி?"

"அபிஷா, பேசாம வா."

மஸ்கட்டிலிருந்து கணவன் செல்வதாஸ் வீடியோவில் வந்து குதித்தான். "ஏழு வருஷம் வேனுல ஏத்தி விட்டது உனக்க பள்ளிக்கூடத்துல கொண்டு தள்ளவா?"

"எனக்க பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை?"

"அதை எங்கிட்ட கேட்டா? பிள்ளைய அங்க சேக்காண்டாம், தரமில்லன்னு சொன்னது நீதானே."

பெமிலா நெட் சரியில்லை என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பிசகு. மெஹ்ருன்னிசாவுக்குப் போன் போட்டு, "செசிலி சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்குல்லா. நாளைக்கு எனக்க மகளை நம்ம பள்ளிக்கூடத்துலயே சேக்கேன்" என்று சொன்னாள். பொய் ஒன்றுமில்லை. பாதியைச் சொன்னாள், அவ்வளவுதான். மெஹ்ருன்னிசா உருகிப்போனாள். பள்ளிக்கூட வாட்ஸ்ஆப் குழுவில் பெமிலாவும் அபிஷாவும் நிற்கிற பழைய படம் ஒன்றைப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, 'முன்மாதிரித் தலைமையாசிரியை' என்று எழுதினாள். கைகூப்புகள் குவிந்தன. பெமிலா ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள்.

அந்தக் குழுவில் மெஹ்ருன்னிசாவின் அண்ணன் மகன் ரிஜ்வானும் இருந்தான். நாகர்கோவில் பள்ளிக்கு மஞ்சள் வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு யார்மேலும் விரோதம் கிடையாது, தொழில்தான் குறி. ரோஜாப்பூவுக்குக் கீழே அவன் எழுதினான்: 'இந்தப் பிள்ளையோட சேர்த்து நாலு பேருக்கு இன்னைக்கு அங்க டிசி கொடுத்து விட்டாச்சு. அதனால வேன்ல நாலு சீட் காலி. தேவைப்படுறவங்க சொல்லவும்.'

அதன்பிறகு யாரும் கைகூப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெமிலா யாருடைய முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். அபிஷா பின்னாலேயே, டை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டு நடந்தாள். ஒன்பதரைக்கு அபிலாஷ் வந்தான்.

"டீச்சர், மமதாவும் தம்பியும் வரல்ல. ஆள் விட்டுப் பாத்தேன். ஹாலோபிளாக் முதலாளி நேத்து அவங்க அப்பாவ வள்ளியூர்ல இருக்கிற கம்பெனிக்கு மாத்திட்டாரு. விடியக்காலம் லாரியில சாமானோட போயாச்சாம்."

பெமிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். எண்பதில் இரண்டு போக எழுபத்தெட்டு. அபிஷாவோடு எழுபத்தொன்பது. செசிலி ஷிஜியைக் கொண்டுபோனால் மறுபடியும் எழுபத்தெட்டு. பன்னிரண்டு மணிக்குள் எண்ணிக்கையைக் கணினியில் உறுதிசெய்ய வேண்டும். அபிலாஷ் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினான்.

"சார், தயவு செய்து."

அபிலாஷ் போனால் அபிஷாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இந்தக் கேள்வி நேற்றைக்கு முன்தினம் வரைக்கும் ஊரார் வீட்டுக் கேள்வியாக இருந்தது. இன்றைக்கு அவள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பத்தரைக்கு ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது. செசிலி தனியாக வரவில்லை. பின்னால் ஜெனோ உட்கார்ந்திருந்தான். நாலு மாதத்தில் தோள் விரிந்து, ஆள் ஒரு சாண் வளர்ந்திருந்தான். அவளுக்குப் பின்னால் நடந்தே வந்துகொண்டிருந்தாள் மெஹ்ருன்னிசா. அவளுக்கு இன்று இங்கே எந்த வேலையும் இல்லை.

செசிலி போனை மேசைமேல் வைத்தாள். திரையில் ரோஜாப்பூவும் வேன் விளம்பரமும்.

"எனக்கு வேண்டியா சேத்திய? அங்கருந்து தள்ளி விட்டதுல்லா."

பெமிலா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் சண்டைக்கு வரல்ல டீச்சர். ராத்திரியில இதப் பாத்து முதல்ல சிரிச்சேன், உள்ளதச் சொல்லணும்லா. பொறவு நெனச்சேன், உங்களுக்க பிள்ளைய ஒருத்தன் தள்ளி விட்டா, போயி இருக்கதுக்கு உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. எனக்க பிள்ளைக்கு எங்க இருக்கு? அதனால ஒரே பேச்சு. ஷிஜி இங்க இருக்கணும்னா இவனையும் பத்தாங்கிளாசுல சேக்கணும். இருந்தா ரெண்டு பேரும். இல்லேண்ணா ஒருத்தரும் வேண்டாம். நூறு சதவீதம், மண்ணாங்கட்டின்னு சொல்லப்பிடாது."

"அவனுக்க டிசிய எடுங்க" என்றாள் பெமிலா.

செசிலிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் பேசத் தயாராக வந்தவள். "என்ன இவ்வளவு வேகம்?"

"எடுங்க செசிலி, மணி ஆகுது."

"நான் வரல்ல" என்றான் ஜெனோ. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவன். "பத்தாங்கிளாஸ் எழுத எனக்கு லாயக்கில்லன்னு இந்த டீச்சர்தானே சொன்னாங்க. ஐஸ் பெட்டி கொள்ளாம், அதுவே போதும். அங்க லாயக்கில்லன்னு யாரும் சொல்லல்ல."

செசிலி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அசையவில்லை. மெஹ்ருன்னிசா "சொல்பேச்சு கேளு மக்கா" என்றாள். அதற்கும் அசையவில்லை. வராந்தாவில் பத்தாம் வகுப்பு முழுக்க ஜன்னலில் தொங்கியது, அபிஷாவும் அவர்களுக்குள் நின்றாள். எல்லோரும் பெமிலாவைப் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் ஒரு பையனிடம் அவள் கேட்காத ஒன்றை இப்போது கேட்கவேண்டியிருந்தது. நயமாகக் கேட்க வரவில்லை. எரிச்சலாகத்தான் வந்தது.

"தப்பாச் சொல்லிட்டேன்லே. சொன்னது தப்பு. போதுமா? உள்ள போய் இரு. எழுதினா எழுது, தோத்தா தோத்துக்கோ, இங்க இருந்து தோத்துக்கோ."

ஜெனோ யோசித்தான். கடைசியில் அபிலாஷைப் பார்த்து, "சார் இருப்பியளா?" என்று கேட்டான்.

"நீ இருந்தா நான் இருப்பேன்" என்றான் அபிலாஷ். அது கணக்குப்படி முழு உண்மை.

பதினொன்றே காலுக்கு நிஜமாகவே சர்வர் போயிற்று. பெமிலா மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். செசிலி "பாத்தியளா, அவரு பின்னயும் லீவு" என்றாள். மெஹ்ருன்னிசா தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள், அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது எண்பதாவது பெயர் ஏறிற்று. அப்போதுதான் மமதாவும் தம்பியும் போன விவரம் செசிலிக்குத் தெரியவந்தது. இதை முன்பே தெரிந்திருந்தால் கிழக்குச் சுவருக்கு வெள்ளையும் அடிக்கச் சொல்லியிருப்பேனே என்று அவள் இன்றைக்கும் மீன் விற்கிற வீட்டில் எல்லாம் சொல்லி வருத்தப்படுகிறாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வை இருபத்து நாலு பேர் எழுதினார்கள். ஜெனோவுக்குக் கணக்கில் முப்பத்தெட்டு, அபிஷாவுக்கு நாற்பத்தொன்று. வருஷம் முழுக்க இரண்டு பேரும் ஒரே சந்தேகத்தை இரண்டு தடவை கேட்டு அபிலாஷின் உயிரை வாங்கினார்கள். இருவரும் பாஸ். தோற்றது ஒருவன், ஷிபு. வகுப்புத் தலைவன், அரையாண்டில் முதல் மதிப்பெண். சமூக அறிவியல் அன்றைக்கு அம்மை போட்டுப் படுத்துவிட்டான். யாரை நொந்துகொள்வது என்று பெமிலாவுக்குத் தெரியவில்லை.

ரிஜ்வான் குளச்சலில் சஜ்னாவைக் கட்டி, வேனை மாமனாரிடம் விட்டுவிட்டுத் துபாய்க்குப் போனான். ஷிபு துணைத்தேர்வு எழுதி, பெரியப்பா வீட்டில் தங்கித் திருநெல்வேலியில் படிக்கிறான். ஜெனோ பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அபிஷா கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடி எடுத்து, நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஷிஜியைச் செசிலி ஜூன் மாதம் வேனில் ஏற்றிவிட்டாள். பந்தயம் ஒரு வருஷத்துக்குத்தானே என்றாள்.

அபிலாஷ் தேர்வுக்கு முன்பே, ஜனவரியில், சுபிதாவைக் கட்டினான். தக்கலையில் மண்டபம். பெமிலா முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டாள், மனநிறைவோடுதான் போட்டாள். பெண்ணும் ஆசிரியை, மார்த்தாண்டம் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை என்று பந்தியில் பாயசம் வரும்போதுதான் யாரோ சொன்னார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மே மாதம் மனமொத்த மாறுதலில் அபிலாஷ் மார்த்தாண்டத்துக்குப் போனான். அங்கே எண்ணிக்கை அறுநூறு. அவனுக்குப் பதிலாக வந்தவர் நாலு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் முதுகுவலி என்று நீண்ட மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். அலுவலகப் பதிவேட்டின்படி கணக்கு ஆசிரியர் இடம் காலியில்லை.